நிரம்பிய டிஸ்க்

பேக்கப் டிஸ்க் நிரம்பி, மூன்று நாளாக ஆபீஸ் கோப்புகளின் எந்த நகலும் பதிவாகவில்லை. மேலாளர் முதலாளியைக் கூட்டிவந்து, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் மேல் பாய்ந்தார்.

"இங்க உட்கார்ந்து என்னத்தக் கிழிக்கிற?"

"புது டிஸ்க் கேட்டு ஆபீஸ் ஃபோல்டர்ல ஆறு விண்ணப்பம் வெச்சேன் சார்."

"பச்சைப் பொய்! எங்க, காட்டு."

ஃபோல்டரைத் திறந்தாள். ஒன்றுகூட இல்லை.

"பார்த்தீங்களா முதலாளி? இவளை இன்னிக்கே அனுப்பிடுங்க. ஏய், போறதுக்கு முன்னாடி பழைய பேக்கப்பை எல்லாம் அழிச்சு இடம் பண்ணு."

அவள் போன மாத பேக்கப்பில் அதே ஃபோல்டரைத் திறந்தாள். ஆறு விண்ணப்பங்களும் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் மேலாளரின் பதில்: "டிஸ்க்கும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பொத்திக்கிட்டு வேலையைப் பாரு."

முதலாளி மேலாளரை முறைத்தார்.

அவள் கேட்டாள்: "இப்ப அழிச்சிடட்டுமா சார்?"