கட்டிப் பழகிய சேலைகள்

போர்வை தைக்கப் பழஞ்சேலைதான் தோது. கட்டிக் கட்டி நைந்த துணிதான் உடம்புக்கு இதம். அம்மா அவிழ்த்துப் போட்ட மூட்டையில் இருந்ததெல்லாம் அக்கா பூரணி எடுத்துக் கொடுத்தவை. வெட்டிக்கொண்டிருந்த மரகதத்தின் கத்தரி நின்றது.

“நான் எடுத்துத் தந்தது ஒண்ணுகூட இல்லையேம்மா?”

“உன்னுதா? கட்டினா வீணாப் போயிரும்னு பெட்டியில பத்திரமா வச்சிருக்கேன்டி. மடிப்புக்கூடக் கலையலை.”

அம்மா பெருமையாகத்தான் சொன்னாள். மரகதம் பெட்டியைத் திறந்தாள். அத்தனையும் கடை வாசனை மாறாமல் விறைப்பாக இருந்தன. மேலே கிடந்த நீலச் சேலையை எடுத்துப் போய்த் தண்ணீரில் முக்கி, துவைகல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள். சாயம் ஓடியது. தடவிப் பார்த்தாள், விறைப்பு விடவில்லை. மறுபடி அடித்தாள்.

“புதுச் சேலைடி, பாவி!” என்று பதறி ஓடிவந்தாள் அம்மா.

“தெரியும்மா. எப்பதான் பழசாகும்?” என்றாள் மரகதம், கையை நிறுத்தாமல்.