பாஷா கடைக் குங்குமப்பூ

லால் பாஷாவின் மளிகைக் கடைக்குள்ளேயே சைக்கிளை விட்டுவிடுவான் போல வந்து நின்றான் ஜான்பீட்டர். கேரியரில் அவன் அம்மா சாராள். அவள் கையில் ஒரு கண்ணாடி டம்ளர். மத்திகிரி ரோட்டுக் குலுக்கலில் பாதி சிந்தியிருந்தது. மீதித் தண்ணீர் ரோஸ் நிறத்தில் இருந்தது.

"பாய், பாருங்க. உங்க கடைக் குங்குமப்பூவோட லட்சணம்" என்றான்.

ஓசூரில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஜான்பீட்டருக்கு ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. அசல் குங்குமப்பூ என்றால் தண்ணீர் மெதுவாக மஞ்சளாகும், இது போட்ட உடனே சிவந்துவிட்டது என்று கடையிலிருந்த எல்லோருக்கும் விளக்கினான். முழுகாமல் இருக்கும் மனைவிக்கு அம்மா தினமும் பாலில் போட்டுக் கொடுப்பது இதைத்தானாம். கம்பெனியில் கழித்துப் போட்ட சாமானுக்குக் கட்டும் சிவப்பு அட்டையைக் குங்குமப்பூ டப்பாவிலும் கட்டியிருந்தான்.

ஏலக்காயை முகர்ந்துகொண்டிருந்த நாராயணம்மா அதைத் திரும்ப வைத்துவிட்டு, தனக்கு மிளகாய்த்தூள் மேலேயே ரொம்ப நாளாகச் சந்தேகம் என்றாள். இன்னொருவர் துவரம்பருப்பைப் பற்றி ஆரம்பித்தார்.

லால் பாஷா டப்பாவிலிருந்து ஓர் இழையை எடுத்து மென்றார். சாராளைப் பார்த்தார். அவள் வெங்காய மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னுதுதான் தம்பி. சரக்கு மாறிப்போச்சு."

அலமாரியைத் திறந்து வேறு டப்பா எடுத்துச் சும்மாவே கொடுத்தார். ஜான்பீட்டர் அதை வாங்கிக்கொண்டு ராஜா மாதிரி சைக்கிள் ஏறினான். சாராள், காய் வாங்கிக்கொண்டு நடந்தே வருவதாகச் சொல்லி நின்றுவிட்டாள்.

கூட்டம் கலைந்ததும் மெல்லக் கேட்டாள்.

"உங்க கடையில நான் குங்குமப்பூவே வாங்கினதில்லையே பாய்."

"வித்தவனுக்குத் தெரியாதாம்மா? உங்க மூஞ்சியைப் பார்த்தேன். வேற என்ன சொல்ல?"

சாராள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மருமகள் மேரிராணிக்கு ரத்தம் குறைவு, பாலும் பீட்ரூட்டும் கொடுங்கள் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். மேரிராணிக்குப் பாலைக் கண்டால் குமட்டல். பீட்ரூட் என்றால் தட்டையே தள்ளிவிடுவாள். அதனால்தான் பீட்ரூட்டை நூல் நூலாகச் சீவிக் காயவைத்து, பாஷா கடைக் குங்குமப்பூ, பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று சொல்லிப் பாலில் கலந்து கொடுத்து வந்தாள்.

"குடிக்குதா?"

"டம்ளரைக் கழுவவே வேண்டாம் பாய்."

லால் பாஷா தராசு ஆடும் அளவுக்குச் சிரித்தார்.

"ஆனா உங்க கடைப் பேரு?"

"நாராயணம்மா நாளைக்கே வந்துடும். என் மிளகாய்த்தூளைத் திட்டாம அதுக்குப் பொழுது போகாது. நீங்க போங்கம்மா."

அன்று சாயந்திரம் ஜான்பீட்டர் பக்கத்திலேயே நின்று, பால் மஞ்சளாவதைக் கடைசிவரை பார்த்துத் திருப்திப்பட்டுக் குளிக்கப் போனான்.

மேரிராணி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மாமியார் காதோரம் குனிந்தாள்.

"இது வேணாம் அத்தை. அந்தப் பீட்ரூட்டையே போடுங்க. நீங்க கை சிவக்க அதைச் சீவுறதைப் பார்த்துத்தான் நான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டாவது பாலைக் குடிக்கிறேன்."