வெள்ளைப் பலகை

மூழ்கிய விசைப்படகைத் தேடி முக்குளிப்பவர் கேமராவோடு இறங்கியிருந்தார். அவர் காண்பதெல்லாம் மேலே நின்ற படகின் திரையில் தெரிந்தது. வலையில் சிக்கிக் குப்புறக் கிடந்த உடலைப் பார்த்ததும், கணவனைத் தேடி அந்தப் படகில் வந்திருந்த சலேத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“எங்க வீட்டுக்காரரு இல்ல. தூரத்துலயும் தெரியட்டும்னு அவுகளுக்குச் செவப்புச் சட்டதான் எடுத்துக் குடுத்தேன். இது கறுப்பு.”

திரையைக் கவனித்துக்கொண்டிருந்த பெர்க்மான்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “ஆழத்துல செவப்பும் கறுப்பாத்தான் தெரியும்க்கா. இப்ப வெள்ளப் பலகயக் காட்டி கேமராவுக்கு நெறத்தச் சரி பண்ணுவாரு. பொறவு பாப்போம்.”

பலகை வந்து திரை முழுவதையும் மறைத்தது. நீலமாயிருந்தது, சட்டென்று தும்பைப்பூவாய் வெளுத்தது.

சலேத் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, பலகய எடுக்க வேண்டாம்னு சொல்லு. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.”