நாலு மணி போன்

தணிகைவேல் ஓய்வு பெற்று மூன்று மாதமாகியும் பேருந்துப் பணிமனையில் அவருடைய இடம் காலியாகவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்களின் குரலையும் பழக்கத்தையும் அப்படியே கணினியில் நகலெடுத்து மேசையில் வைத்துக்கொள்வது இப்போது எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்பதை அவருடைய நகல்தான் பார்த்துக்கொண்டது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவரைப் போலவே தினமும் நாலு மணிக்கு வீட்டுக்கு போன் போட்டு, "பூங்கோதை, சாப்பிட்டியா? வரும்போது என்ன வாங்கிட்டு வரணும்?" என்று கேட்டது. அவர் மனைவியும் அதனிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். காலையிலிருந்து அடுக்களையில் நின்று குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கும் அசல் கணவருக்கு வெறும் 'ம்' மட்டும்தான்.

பொறுக்க முடியாமல் தணிகைவேல் நகலை போனில் கூப்பிட்டு அதட்டினார். "இனிமே என் வீட்டுக்குப் பேசாத."

"சார், அந்த போன் பேசலைன்னா அப்புறம் எனக்கு வேலையே ஓடாது. வீட்ல உங்களுக்குப் பொழுது ஓடுதா?"

தணிகைவேல் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். சரியாக நாலு மணிக்கு அங்கிருந்து வீட்டுக்கு போன் போட்டார். "பூங்கோதை, சாப்பிட்டியா? வரும்போது என்ன வாங்கிட்டு வரணும்?"

"கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க. மூணு மாசமா அவர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் பூங்கோதை. "இன்னும் ஒரு காம்புகூட வீடு வந்து சேரல."