பூக்கட்டிப் பார்த்தது

அம்முவை உள்ளே கொண்டுபோய் நாலு மணி நேரம் ஆகிவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் கதவு இன்னும் திறக்கவில்லை.

அந்த வராந்தாவில் என் பெண்டாட்டி சங்கரி ஒருத்திதான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். நான் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

எங்கள் பிள்ளை அம்முவுக்கு வயது ஆறு. நெஞ்சில் ஓட்டை, ரத்தக்குழாயிலும் கோளாறு. அறுத்தால் பிழைப்பது பாதிக்குப் பாதி, அறுக்காவிட்டால் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ என்று டாக்டர் பச்சையாகச் சொல்லிவிட்டார்.

பதினைந்து நாள் சங்கரி சோறு சரியாகத் தின்னவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கி இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தாள். மீசைகூட ஒழுங்காக முளைக்காத இந்த டாக்டரிடமா என் பிள்ளையைக் கொடுப்பது என்று என்னோடு சண்டை போட்டாள்.

முந்தாநாள் மட்டாஞ்சேரியில் எங்கள் தெரு மாரியம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ வந்தால் ஆபரேஷன். சிவப்பு வந்தால் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவது.

அவள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்க, நான்தான் பூவை வைத்து இரண்டு பொட்டலத்தையும் வாழையிலையில் மடித்துக் கட்டினேன். பக்கத்து வீட்டுக் குழந்தை விஜி ஒன்றை எடுத்தாள்.

வெள்ளை.

அன்றே கையெழுத்துப் போட்டாள். அந்த நிமிஷத்திலிருந்து ஆளே மாறிப்போனாள். சின்ன வயசு டாக்டர்தான் நல்லதாம், கை நடுங்காதாம். பாதிக்குப் பாதி என்பதெல்லாம் சும்மா பயமுறுத்துவதற்காம். நான் வாயைத் திறந்தால், அபசகுனமாகப் பேசாதீர்கள் என்று முறைத்தாள். இதென்னடா கூத்து என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதவு பாதி திறந்தது. மலையாள நர்ஸ் தலையை நீட்டினாள்.

"சேட்டா, இன்னும் ரெண்டு யூனிட் ரத்தம் கூடி வேணும். வேகம்."

ரத்தம் கொடுக்கவென்று வந்து கீழே நின்றிருந்த என் கூட்டாளி ஷிபுவுக்குப் போன் போட்டேன். புது ரத்தம் ஏறினால் பிள்ளைக்கு நல்லதுதானே என்றாள் சங்கரி.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"சங்கரி, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வச்சேன். செவப்பு வந்துட்டா என்ன செய்யன்னு பயந்துட்டேன். பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா கொன்னது நான்தான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

அவளோ முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"செவப்பைத் தொடவே உங்க கைய அம்மன் விடல, பாத்தீங்களா? இனி நமக்கென்ன பயம்?"

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் விரல்கள் நகம் பதிய இறுகின. நானும் ஆமாம் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது.