யாரும் பார்க்காத முதுகு

“கவுந்து படுங்க. கையைக் காலை ஆட்டக் கூடாது,” என்றாள் கும்சன்.

இன்ஜா கவிழ்ந்து படுத்தாள். உடம்பில் பொட்டுத் துணி இல்லை. கணுக்காலில் ரப்பர் வளையத்தில் கோத்த பதினேழாம் எண் துணிப்பெட்டிச் சாவி மட்டும். அறுபத்தெட்டு வயதில், தான் துரோகம் செய்த ஒருத்தியின் கையில் இப்படியா வந்து அகப்பட வேண்டும்?

மொக்போ துறைமுகத்துப் பொதுக்குளியல் கூடத்தில் வருகிறவர்களுக்கு முதுகு தேய்த்துவிடுவது கும்சனின் பிழைப்பு. அவள் கணவன் தல்சு தீவுகளுக்குப் படகு ஓட்டியவன். போன வருஷம் செத்துப்போனான்.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், புயல் அடித்த ஓர் இரவில் தல்சு திரும்பிப் போக முடியாமல் ஒரு தீவிலேயே தங்க நேர்ந்தது. தங்கியது, அந்தத் தீவுப் பள்ளிக்கூட ஆசிரியை இன்ஜாவின் அறையில். ஒரே ஓர் இரவுதான். அடுத்த மாதமே இன்ஜா மாற்றல் வாங்கிக்கொண்டு தலைநகர் சியோலுக்குப் போய்விட்டாள், கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

தல்சு போய்விட்ட செய்தியையும் அவன் மனைவி வேலை பார்க்கும் இடத்தையும் ஒரு பழைய மாணவி சொன்னாள். செத்தவனிடம் கேட்க ஒன்றுமில்லை, அவன் மனைவியிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று இன்ஜா விடிகாலை ரயில் பிடித்து வந்தாள். கும்சனை நேரில் பார்த்ததும், வழியெல்லாம் மனப்பாடம் செய்த வார்த்தை மறந்துபோயிற்று. “சியோல்லயிருந்தா வர்றீங்க? தேய்க்கணுமா?” என்று கும்சன் கேட்க, இவளும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டிவிட்டாள்.

சொரசொரவென்ற பச்சைக் கையுறை இடுப்பிலிருந்து மேலே ஏறியது. அழுக்கு திரிதிரியாக உருண்டது.

“என்னக்கா, சியோல்ல தண்ணிப் பஞ்சமா? இதைச் சேத்து வச்சா ஒரு செவுரு எழுப்பலாம் போலிருக்கே!”

வெந்நீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கெக்கலித்துச் சிரித்தார்கள். கை நடுமுதுகைத் தாண்டி இடது தோள்பட்டைக்குக் கீழே வந்து, சட்டென்று நின்றது. ஒரு விரல் அந்த இடத்தைச் சுற்றி மெதுவாக வட்டம் போட்டது.

“இங்க ஒரு மச்சம் இருக்கு. மொச்சைக்கொட்டை தண்டி.”

 அந்த மச்சத்தை இன்ஜா கண்ணால் கண்டதே இல்லை. ‘ஒன் முதுகுல யாரோ ஒரு எள்ளைப் போட்டுட்டுப் போயிருக்காங்க’ என்று தல்சு தொட்டுச் சிரித்தபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவந்தது. பாவி, சாகும்போது பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டானா?

கும்சன் தொட்டிப் பக்கம் திரும்பினாள். “ரெண்டு பேரும் போயி அந்த நீராவி அறையில உக்காருங்கடி. இந்த அக்காகிட்ட எனக்குத் தனியாப் பேசணும்.”

அவர்கள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. ஆவிக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“இதை முன்னாடி யாராவது பாத்திருக்காங்களா?”

“இல்ல...”

“வீட்டுக்காரர்?”

“எனக்குக் கல்யாணம் ஆகலங்க.”

“அப்போ இந்த முதுகை யாருமே பாத்ததில்லையா?” கை தோளை அழுத்திப் பிடித்தது. “நல்லா யோசிச்சு உண்மையைச் சொல்லுங்க. இது வெளையாட்டு விஷயமில்ல.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இன்ஜாவின் நெஞ்சு குறுகுறுப்பதைத் தாண்டி உடைந்தே போனது.

“ஒருத்தர் பாத்தாரு. ஒங்க வீட்டுக்காரர்.” முகத்தைப் படுக்கையில் புதைத்துக்கொண்டு அழுதாள். “தீவுல, புயலடிச்ச ராத்திரி. நீங்க பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தீங்க. மன்னிச்சிடுங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

தோளிலிருந்து கை விலகியது.

 பிறகு ஈரச் செருப்பு சளக் சளக்கென்று தள்ளிப் போயிற்று. எங்கோ ஓர் அலமாரி திறந்து மூடியது. திரும்பி வந்தவள் கையில் ஏதோ பளபளத்தது ஓரக்கண்ணில் பட்டது. சவரக் கத்தி என்றே நினைத்தாள் இன்ஜா. எழுந்து ஓட அவளுக்குத் தோன்றவில்லை. நடப்பது நடக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

“அவர் எப்போ ஒங்ககிட்ட சொன்னாரு?” என்று மட்டும் கேட்டாள்.

“அந்த மனுஷன் ஒண்ணுமே சொல்லல. இப்போ நீ சொல்லித்தான் தெரியுது.” மரியாதை போயிருந்தது. “எழுந்து உக்காரு. கண்ணைத் தொற.”

கும்சனின் கையில் இருந்தது ஒரு கைக்கண்ணாடி. இன்ஜாவின் பின்னாலிருந்த சுவர்க் கண்ணாடியின் ஆவியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, கைக்கண்ணாடியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

இன்ஜா முதன்முதலாகத் தன் முதுகைப் பார்த்தாள். எள்ளைக் காணோம். அந்த இடத்தில் கன்னங்கரேலென்று, ஓரமெல்லாம் பிசிறடித்து, வேறென்னவோ பரவி உட்கார்ந்திருந்தது.

“முன்னாடி ஒருத்திக்கு இப்பிடியே பாத்தேன். நமக்கென்னன்னு வாயை மூடிக்கிட்டேன். தோல்ல புத்துநோயாம், ஆறே மாசத்துல போயிட்டா.” கும்சன் கண்ணாடியை இறக்கவில்லை; அவள் கன்னத்தில் வழிந்தது ஆவியா கண்ணீரா என்று தெரியவில்லை.

“மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி பொழைச்சு வா, ஒன்னைத் திட்டித் தீக்க எனக்கு ரொம்ப நாளாகும்.”