வெள்ளை ரகம்

"அண்ணே, அம்மா உன் பேரையே சொல்லிட்டிருக்காங்க. இன்னிக்கே கிளம்பி வா." தங்கை வெர்னிஸ் போனில் அழுதாள்.

"முதலாளியம்மா விடமாட்டாங்கம்மா" என்றான் லாசல்ஸ்.

ஜமைக்காவின் கடலோர விடுதி அது. மனக்காயம் ஆற வருகிறவர்களுக்கு அங்கே கொடுக்கும் போதைக் காளானை வளர்ப்பவன் அவன்தான். வெள்ளை ரகம், வீரியம் அதிகம், ஆனால் விதைத்தூள் உதிர்க்காது. குப்பியில் காக்கும் தாய்ப்பூஞ்சை செத்தால் வம்சமே போச்சு.

காளான் வளர்க்கும் அறையின் கதவுக்கு வெளியே நின்ற முதலாளி அயோனி பேச்சைக் கேட்டுவிட்டாள்.

"நான் எப்பய்யா விடமாட்டேன்னு சொன்னேன்? போய் அம்மாவைப் பாரு. கிங்ஸ்டன்லேருந்து ஒரு பொண்ணை வரச்சொல்றேன், நாலு நாள் பாத்துக்கும்."

"வேத்தாள் கை பட்டா குப்பி கெட்டுடும்மா. நான் போகலை."

"உன்னை மாதிரி ஆள் கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் போனாள்.

லாசல்ஸ் உள்ளே தாழிட்டுக்கொண்டான். போன புயலில் மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் குப்பிகள் அத்தனையும் அழுகிவிட்டன. இப்போது தட்டுகளில் நின்றது யார் வேண்டுமானாலும் வளர்க்கக்கூடிய சாதாரணப் பழுப்புக் காளான். எட்டு மாதமாக அதைத்தான் பொடியாக்கி, வெள்ளை என்று அனுப்பிக்கொண்டிருந்தான்.

உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்தால் எவருக்கும் தெரிந்துவிடும்.